மருத்துவரின் சொல்லும் நோயாளியின் மனமும்

மருத்துவர்களோடு அளவளாவும்போது ஒரு முறையீடு காதில் விழுகிறது: "எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் இவர்கள் கேட்பதில்லை, சாமி." நோயாளர் இல்லம் சென்றால் அங்கே வேறொரு முறையீடு: "போனால் ஏச்சுத்தான் விழுகிறது, சாமி. அதனாலேயே போவதை நிறுத்திவிட்டேன்." ஒரே நோயைப் பற்றித்தான் இருவரும் பேசுகின்றனர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நடுவில் கெடுவது உடல்நலம்.

ஆலங்குடி வட்டாரம் உழைப்பாளிகள் நிறைந்த மண். நிலக்கடலை, நெல், தென்னை, பலா, கீரமங்கலம் பக்கத்துப் பூந்தோட்டங்கள் என்று பாடுபட்டு வாழ்கின்ற மக்கள். சர்க்கரை நோய் என்றால் நகரத்துச் செல்வர்களுக்கு வருவது என்று நம் பெரியவர்கள் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ இல்லாத தெரு ஒன்றைக் காட்டுவது அரிது. இவ்விரண்டும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலிக்காத நோய்க்கு நாள்தோறும் மாத்திரை விழுங்க யாருக்கு மனம் வரும்? "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்துகிறார். ஆண்டுகள் சில செல்கின்றன. ஒரு நாள் கால் விரல் கறுக்கிறது, அல்லது ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடுகிறது. மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்கின்ற எந்தப் பங்குக் குருவுக்கும் இவ்வீடுகளைத் தெரியும். அவற்றுள் பலவற்றில் சரியான மருந்து சரியான நேரத்தில் எழுதிக் கொடுக்கப்பட்டே இருந்தது. சீட்டும் கோப்பும் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணை செய்பவன் என்பவையே அந்நான்கு. இதில் உன்னத்தக்கது ஒன்று உண்டு. நோயுற்றவனும் மருத்துவத்தின் ஒரு கூறு, அதுவும் முதற்கூறு. அவன் மருத்துவம் செய்யப்படும் பொருள் அல்லன், மருத்துவத்தில் பங்காளி. இக்கருத்தை நம் மருத்துவக் கல்வி அண்மைக் காலத்தில்தான் மீண்டும் கண்டெடுத்து வருகிறது.

இதற்கு நம் தமிழகத்திலேயே ஒரு பெரிய வரலாறு உண்டு. 1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை நிலையம் ஒன்று அமைக்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கைகோத்து அதனை நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேயர் அதன் தொடக்கப் பணிகளை முன்னின்று நடத்தினார். அன்று காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, நல்ல உணவு என்பதே மருத்துவம். நாட்டிலிருந்த நோயாளர் அனைவருக்கும் படுக்கை எங்கே? ஆகவே நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மறுபிரிவினரை அவர்தம் நெருக்கடியான குடிசைகளிலேயும் வைத்து, ஒரே மாத்திரைகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். 1959-இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுள் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் இருந்தவர்களுள் நூற்றுக்கு 86 பேரும் நலம் பெற்றிருந்தனர். வீட்டிலிருந்தோர் அரைவயிற்றுக் கஞ்சி குடித்து, ஓய்வின்றி வேலைக்கும் சென்றவர்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்குச் சென்னையின் இந்த ஆய்வு பெருங்காரணம். அந்நிலையம் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு விளங்குகிறது.

அந்த வரலாற்றின் மறுபக்கமும் உண்டு. நம் பொருளுக்கு அதுவே முக்கியம். நோயாளர் மாத்திரையை உண்மையாகவே விழுங்குகின்றனரா என்று அறிய, பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர்; சிறுநீரையும் சோதித்தனர். இருமல் நின்று உடல் சற்றுத் தேறியதும் மருந்தைக் கைவிடுவது மனித இயல்பு என்பது அவர்களுக்குத் தெளிவாயிற்று. கண்ணெதிரே மருந்து கொடுத்து விழுங்கச் செய்யும் முறைக்குச் சென்னை ஆய்வுகளே வழிகோலின. பிற்காலத்தில் அது உலகெங்கும் பரவிற்று.

ஆறு மாதம், ஓராண்டு என்றால் ஒருவர் பக்கத்தில் நின்று மாத்திரை கொடுக்கலாம். சர்க்கரையும் கொதிப்பும் ஆயுள் முழுதும் உடன் வருபவை. ஒருவன் உண்ணும் ஒவ்வொரு கவளத்தையும், பற்றவைக்கும் ஒவ்வொரு பீடியையும் எந்த அதிகாரி எண்ணிக்கொண்டிருக்க முடியும்? இங்கே காவல்காரன் நோயாளியின் மனமேதான். அந்த மனத்தோடு மருத்துவர் எவ்வாறு பேசுவது?

பெரும்பாலும் நாம் அறிந்த முறை அச்சுறுத்தல். "இப்படியே போனால் காலை எடுக்க வேண்டியதுதான்" என்பார் மருத்துவர். அவர் சொல்வது பொய்யன்று, அன்பினால் சொல்வதே. ஒரு வேளைக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் வெளியே வரிசையில் நிற்கும்போது வேறெப்படிப் பேசுவது என்றும் அவர் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானது. ஆயினும் அச்சம் இரண்டு நாள் வேலை செய்யும். மூன்றாம் நாள் அச்சுறுத்தியவரை விட்டு விலகச் செய்யும். மருத்துவமனைப் பக்கமே வராமற் போகின்றவர்களுள் பலர் இவ்வாறு அஞ்சி ஒதுங்கியவர்களே.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவைச் சேர்ந்த வில்லியம் மில்லர் என்னும் உளவியலாளர் குடிநோயாளரிடையே பணிசெய்தவர். நார்வே நாட்டில் இளம் உளவியலாளர் சிலர், "நீங்கள் நோயாளியோடு பேசும்போது ஏன் இதைக் கேட்டீர்கள், ஏன் அதைக் கேட்கவில்லை?" என்று அவரைத் துருவித் துருவிக் கேட்டனராம். அக்கேள்விகளுக்கு விடை தேடியதில் பிறந்த முறையை 1983-இல் கட்டுரையாக வெளியிட்டார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக் என்பவருடன் இணைந்து 1991-இல் நூலாகவும் ஆக்கினார். ஊக்குவிப்பு உரையாடல் என்று அதனைத் தமிழில் அழைக்கலாம். மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் பலருக்கும் இன்று இது கற்பிக்கப்படுகிறது.

அதன் உட்கருத்து எளியது. தீய பழக்கமுள்ள எவனும் இரு மனம் உடையவன். விட்டுவிட வேண்டும் என்று ஒரு மனம், விட முடியாது என்று ஒரு மனம். மருத்துவர் முதல் மனத்தின் கட்சியை எடுத்துக்கொண்டு வாதாடினால், நோயாளிக்கு எஞ்சுவது இரண்டாம் மனத்தின் கட்சியே. "என் பாட்டனார் தொண்ணூறு வயதுவரை புகைத்தாரே" என்று அவன் எதிர்வாதம் தொடுப்பான். தன் வாயால் சொன்னதைத் தானே நம்பவும் தொடங்குவான். மாறாக, மாற வேண்டிய காரணங்கள் நோயாளியின் வாயிலிருந்தே வருமாறு மருத்துவர் கேட்க வேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்லிக்காட்ட வேண்டும்.

யோவான் நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில், முப்பத்தெட்டு ஆண்டுகளாய்ப் படுத்துக் கிடந்தவனை ஆண்டவர் காண்கிறார். கண்டவுடன் அவர் செய்தது ஒரு கேள்வி கேட்டதே: நலம் பெற உனக்கு விருப்பம் உண்டா என்பது. நோயாளியிடம் இதைப் போய்க் கேட்பார்களா என்று நமக்குத் தோன்றும். அவனோ ஆம் என்றுகூடச் சொல்லவில்லை. குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்று குறையைச் சொல்கிறான். ஆண்டவர் அதற்காக அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவானவர் நீதிபதியாகவும் மருத்துவராகவும் அமர்கிறார் என்று குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்தனர். நீதிபதியின் பகுதி எளிதில் கைவருகிறது. மருத்துவரின் பகுதிக்குத்தான் காலமும் காதும் வேண்டும்.

இம்முறையில் பேசும் மருத்துவரின் அறையில் உரையாடல் எவ்வாறு இருக்கும் என்பதைக் கற்பனையாக இங்கே அமைத்துக் காட்டுகிறேன். எதிரில் இருப்பவர் அறுபது வயது விவசாயி.

"ஐயா, பீடியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?"

"பேசலாம் டாக்டர். விடச் சொல்லத்தானே போறீங்க?"

"விடுறதும் விடாததும் உங்க கையிலதான். அதனால உங்களுக்கு என்ன சுகம், அதை முதல்ல சொல்லுங்க."

"விடியக்காலம் தண்ணி பாய்ச்சப் போறப்ப அதுதான் துணை. அலுப்புத் தெரியாது."

"பிடிக்காதது எதுவும் உண்டா?"

"ராத்திரி இருமல். பேத்தி கிட்ட வரமாட்டேங்குது, வாடை அடிக்குதாம்."

"பேத்தி மடியில வந்து உட்காரணும்னு இருக்கு உங்களுக்கு."

"இருக்காதா பின்னே!"

"விடணுங்கிற எண்ணம் பத்துக்கு எத்தனை இருக்கும்?"

"ஒரு நாலு இருக்கும்."

"ஏன் ஒண்ணுன்னு சொல்லாம நாலுன்னு சொன்னீங்க?"

கடைசிக் கேள்வியைக் கவனிக்க வேண்டும். "ஏன் நாலுதானா?" என்று கேட்டிருந்தால் பெரியவர் சாக்குப்போக்குகளை அடுக்கியிருப்பார். "ஏன் ஒன்று இல்லை?" என்று கேட்டதால், விடுவதற்கான காரணங்களை அவரே தேடிச் சொல்லியாக வேண்டும். இருமலையும் பேத்தியையும் அவர் இரண்டாம் முறை சொல்வார். மூன்றாவதாக ஒன்று, ஒருவேளை பீடிக்குச் செலவாகும் காசு, புதிதாக வரும். பிறகு, "எதிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு, அவர் சொல்லும் சிறு முடிவை மருத்துவர் சீட்டில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது அதைக் கேட்கவும் வேண்டும். இவ்வளவும் நான்கைந்து நிமிடத்தில் முடியும்.

நேரம் இல்லை என்போருக்கு 1979-இல் லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் குழுவினர் செய்த ஆய்வு விடை தரும். பொது மருத்துவர் இருபத்தெண்மர், வேறு எதற்காகவோ வந்த புகைப்பவர்களிடம் ஓரிரு நிமிடம் அறிவுரை சொல்லி, ஒரு துண்டு வெளியீட்டைக் கொடுத்து, பிறகு விசாரிப்போம் என்றும் சொல்லியனுப்பினர். ஓராண்டிற்குப்பின் இவ்வாறு கேட்டவர்களுள் நூற்றுக்கு 5 பேர் புகைப்பதை விட்டிருந்தனர். எதுவும் சொல்லப்படாதவர்களுள் விட்டவர் ஆயிரத்திற்கு மூவரே. ஐந்து என்பது சிறிய எண் என்று தோன்றலாம். ஆயிரம் புகைப்பவரைக் காணும் மருத்துவர் ஒருவர், ஆண்டில் ஐம்பது குடும்பங்களுக்குத் தந்தையை மீட்டுத் தருகிறார் என்று எண்ணிப் பார்த்தால் அது சிறிதன்று.

சர்க்கரை நோயிலும் நமக்குச் சென்னையே சான்று. டாக்டர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. சர்க்கரை நோயின் வாயிலில் நின்ற 531 பேரை அதில் சேர்த்தனர். எந்தத் தனி அறிவுரையும் இல்லாத பிரிவில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நோயில் விழுந்தனர். உணவு, நடை பற்றி அறிவுரை பெற்ற பிரிவில் 39 பேர். மெட்ஃபார்மின் மாத்திரை பெற்ற பிரிவில் ஏறத்தாழ 40 பேர். அறிவுரையும் மாத்திரையும் சேர்ந்து பெற்றவர்களும் அதே அளவினரே. அதாவது, தொடர்ந்து சொல்லப்பட்ட சொல் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தது! "தொடர்ந்து" என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு முறை சொல்லி அனுப்பிவிடவில்லை. இரண்டு வாரத்தில் தொலைபேசியில் விசாரித்தனர், பின் மாதந்தோறும் பேசினர், ஆறு மாதத்திற்கொருமுறை நேரிலும் அமர்ந்து பேசினர். அவரவர் வாழ்க்கையையும் பார்த்தனர். ஏற்கெனவே உடலுழைப்புச் செய்பவரை, மிதிவண்டி மிதிப்பவரை, இன்னும் நடக்கச் சொல்லவில்லை. செய்வதையே தொடரச் சொன்னார்கள்.

இது பெரிய பாடம். விடிவதற்கு முன்பே எழுந்து பூப்பறிக்கச் செல்லும் பெண்ணிடம், "காலையில் முப்பது நிமிடம் நடங்கள், அம்மா" என்றால் அவர் மனத்துக்குள் சிரித்துக்கொள்வார். அவர் சிக்கல் நடையில் இல்லை. பத்து மணிவரை வெறும் தேநீரில் சர்க்கரையைக் கொட்டிக் குடித்துப் பசியை அடக்குவதில் இருக்கிறது. நேற்று விழித்ததிலிருந்து உறங்கும்வரை என்னென்ன உண்டீர்கள் என்று கேட்டால் மட்டுமே அது வெளிவரும். உப்பும் அப்படியே. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிராம் கணக்கு நம் அடுப்படியில் செல்லாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகிய மூன்றில் எதை விட முடியும் என்று கேட்டால் வீட்டுக்காரர் ஒரு விடை சொல்வார்.

நம் பங்கு மக்களுக்கே உரிய இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆகஸ்டு மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தை ஒட்டி நம் பகுதியிலிருந்து எத்தனையோ பேர் நடைபயணமாகச் செல்கின்றனர். அவர்களுள் சர்க்கரை நோயாளரும் உண்டு. நேர்ச்சை என்று வெறுங்காலோடு நடப்பவரும் உண்டு. நாட்பட்ட சர்க்கரையில் பாதம் மரத்துப்போகிறது. முள் தைத்தாலும், தார்ச் சாலை கொப்புளம் எழுப்பினாலும் தெரிவதில்லை. தெரிவதற்குள் புண் எலும்புவரை சென்றிருக்கும். "போகவே கூடாது" என்று மருத்துவர் சொன்னால், தலையசைத்துவிட்டு அவரிடம் சொல்லாமலே போவார்கள். ஆகவே, போவதென்று முடிவு செய்தவரிடம் எப்படிப் போகப் போகிறீர்கள் என்று கேட்பதே அறிவுடைமை. மிதியடி அணிந்து செல்லுதல், இரவுதோறும் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பிறரைக்கொண்டு பார்க்கச் செய்தல், மாத்திரையையும் சிறிது இனிப்பையும் பையில் வைத்திருத்தல், புண் கண்டால் அங்கேயே பேருந்து ஏறிவிடுதல் என்று அவரோடு பேசி முடிவு செய்யலாம். மருத்துவரின் வேலையை எளிதாக்கக் குருவாகிய நானும் ஒன்று சொல்வேன்: செருப்பு அணிந்து நடந்ததனால் அன்னையின் திருமுன் எவருடைய நேர்ச்சையும் குறைபடுவதில்லை. தவக்காலத்து ஒருசந்தியும் இவ்வாறே. திருச்சபையின் நோன்புக் கட்டளை நோயாளரைக் கட்டாயப்படுத்துவதில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தவிர்ப்பது உயிருக்கே ஆபத்து.

இன்சுலின் என்றதும் நினைவுக்கு வருகிறது. "ஊசி போடச் சொல்லிவிட்டார்கள், இனி அவ்வளவுதான்" என்று ஊரில் பேச்சு. இந்த அச்சத்தை வைத்துக்கொண்டு ஊசியை எழுதிக் கொடுத்துப் பயன் என்ன? ஊசி என்றால் உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது என்று முதலில் கேட்டு, அந்த அச்சம் வெளிவந்தபின் விளக்கம் சொல்லும் மருத்துவரே வெற்றி பெறுகிறார்.

இவ்வாறு பேசுவதற்கு மருத்துவப் பட்டம் இன்றியமையாததா? கோவாவில் சங்காத் என்னும் நிறுவனத்தார் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். மனநல மருத்துவம் பயிலாத உள்ளூர் மனிதர்களுக்குப் பயிற்சி தந்து, மிகுதியாகக் குடிக்கும் ஆண்களோடு நான்கு அமர்வுகளுக்கு மேற்படாமல் இம்முறையில் பேசச் செய்தனர். 2017-இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் நூற்றுக்கு 36 பேர் கேடான குடியிலிருந்து விடுபட்டிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுள் 26 பேர். நம் மாநிலத்தில், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த திருமதி சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். குடிப்பவரோடு மட்டுமன்றி அவர் மனைவி மக்களோடும் அமர்ந்து பேசுவதை மருத்துவத்தின் பகுதியாகவே அங்கே ஆக்கினார்கள். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து கொதிப்பையும் சர்க்கரையையும் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையை நீட்டும் கை ஒரு நிமிடம் நின்று, "போன மாதம் எத்தனை நாள் விட்டுப்போச்சு, அக்கா?" என்று கனிவோடு கேட்டால், மருத்துவமனையில் வராத உண்மை திண்ணையில் வரும். "ஒழுங்காகச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "ஆமாம்" என்ற பொய்தான் வரும்.

வள்ளுவரின் நான்காம் கூறு, அருகிருப்பவர். மருத்துவரின் அறையில் இவர்கள் செய்யும் இடையூறு சிறிதன்று. மருத்துவர் வாய் திறப்பதற்குள் மனைவி, "டாக்டர், இவர் தினமும் குடிக்கிறார், இனிப்பைத் திருடித் தின்கிறார்" என்று குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். கணவர் முகம் சுவரைப் பார்க்கிறது. அதன்பின் எந்தக் கேள்விக்கும் அவரிடமிருந்து விடை வராது. மனைவியின் வேதனை நியாயமானதே. ஆயினும் முதல் சில நிமிடங்களை நோயாளிக்கு விட்டுக்கொடுத்து, அவர் சொல்லாமல் விட்டதைப் பின்னர் எடுத்துச் சொன்னால் நன்மை விளையும். வீட்டிலும் அவருக்கென்று தனிச் சோறு, நமக்கென்று தனிச் சோறு என்று வைத்துவிட்டு, அவர் நம் தட்டைப் பார்க்கக் கூடாது என்பது நடவாத காரியம்.

கடைசியாக, எளிய வழக்கம் ஒன்று. "புரிந்ததா?" என்று மருத்துவர் கேட்டால் நம்மில் எவரும் இல்லை என்பதில்லை, மரியாதைக்குத் தலையாட்டுவோம். அதனால் நல்ல மருத்துவர்கள், "வீட்டில் கேட்டால் என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்று கேட்டு நோயாளியையே திருப்பிச் சொல்லச் செய்கின்றனர். எங்கே பிழை என்பது உடனே தெரிந்துவிடும். மருத்துவர் அப்படிக் கேட்காவிட்டால் நாமே, "ஐயா, நான் விளங்கிக்கொண்டது இது, சரிதானா?" என்று சொல்லிக்காட்டலாம். எந்த மருத்துவரும் அதற்குச் சினங்கொள்ளார். தீர்ந்த மாத்திரை அட்டைகளையும், தீராமல் எஞ்சிய அட்டைகளையும் ஒரு துணிப்பையில் போட்டு அடுத்த முறை உடன் எடுத்துச் செல்லுங்கள். எஞ்சியவற்றை அடுப்பில் போட்டுவிட்டுச் செல்ல வேண்டாம்.